கம்ஃபர்ட் என்றால் ஆறுதலா, வசதியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. சாயங்காலம் பக்கத்துத் தெரு மொட்டைமாடியில் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருகிறேன். இரண்டு இடத்திலும் மாட்டிக்கொள்கிற சொல் ஒன்று உண்டென்றால் அது 'கம்ஃபர்ட்'தான். துணிக்குப் போடுகிற பாட்டில் வழியாக அந்தப் பெயர் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது, பொருள் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

கம்ஃபர்ட்டுக்குத் தமிழ்ல ஒரே வார்த்தை சொல்லுங்க சார், ஏன் இழுக்கிறீங்க?

ஒரே வார்த்தை இல்லை, அதனால்தான் இழுக்கிறேன். இங்கிலீஷில் அந்த ஒற்றைச் சொல் மூன்று பேர் வேலையைப் பார்க்கிறது. உடம்புக்கு உறுத்தல் இல்லாமல் இருப்பது, நொந்த மனசைத் தணிப்பது, பிழைப்பில் குறைவில்லாமல் இருப்பது. தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனி ஆள் இருக்கிறார்கள். செருப்பு காலுக்கு இதமாக இருக்கும், சாவு வீட்டில் ஆறுதல் சொல்வோம், மாமா குடும்பம் வசதியாக இருக்கும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'செருப்பு ஆறுதலாக இருக்கிறது' என்றால் சிரிப்பார்கள், 'சாவு வீட்டுக்குப் போய் வசதி சொல்லிவிட்டு வந்தேன்' என்றால் அடி விழும்.

ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்ததும் அகராதியைத் திறக்க வேண்டாம். உடம்பா, மனசா, காசா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

கம்ஃபோர்ட்டா, கம்ஃபர்ட்டா? எங்க மேனேஜர் ஃபோர்ட்னுதான் அழுத்திச் சொல்றாரு.

அழுத்தம் 'கம்' மேல்தான், பின்பாதி 'ஃபர்ட்' என்று அடங்கிப் போகும். கம்ஃபர்டபிள் என்பதை இங்கிலீஷ்காரர்கள் இன்னும் சுருக்கி 'கம்ஃப்டபிள்' என்று மூன்று அசையில் முடித்துவிடுவார்கள். எழுத்தில் கோட்டையைக் குறிக்கிற ஃபோர்ட் உட்கார்ந்திருப்பதால் உங்கள் மேனேஜர் அப்படிச் சொல்கிறார். அந்தக் கோட்டை அங்கே சும்மா உட்காரவில்லை, அது வேறு கதை, கொஞ்சம் கீழே வருகிறது.

'ஐ ஆம் நாட் கம்ஃபர்ட்'னு சொன்னா தப்பா? எல்லாரும் அப்படித்தானே பேசறாங்க?

இங்கிலீஷில் தப்பு, 'கம்ஃபர்டபிள்' என்றுதான் வர வேண்டும். ஆனால் இந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் உங்களைக் குறை சொல்லத் தோன்றாது. 'எனக்கு இது கம்ஃபர்ட்டா இல்ல' என்பது சுத்தமான தமிழ் இலக்கணம். அழகு, வசதி, தோது என்று எந்தப் பெயர்ச்சொல்லை எடுத்தாலும் ஒரு 'ஆக' ஒட்டி அழகா, வசதியா, தோதா என்று ஆக்கிக்கொள்கிற மொழி நம்முடையது. அந்தப் பழக்கத்தில் கம்ஃபர்ட்டையும் பிடித்து 'ஆ' ஒட்டிவிட்டோம், அது அழகாக ஒட்டிக்கொண்டது. அதே வாக்கியத்தை இங்கிலீஷுக்குக் கொண்டுபோகும்போது 'ஆ' உதிர்ந்து வெறும் கம்ஃபர்ட் மட்டும் போய் நிற்கிறது. தமிழில் பேசும்போது தாராளமாகக் 'கம்ஃபர்ட்டா' என்று சொல்லுங்கள், இங்கிலீஷில் மட்டும் வாலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வசதி, சௌகரியம், சொகுசு மூணும் ஒண்ணுதானே?

ஒன்றில்லை. வசதி என்பது இருக்க வேண்டியது இருப்பது: தண்ணீர் வசதி, பஸ் வசதி. சம்ஸ்கிருதத்தில் 'வஸதி' என்றால் தங்குமிடம், இங்கே வந்து பொருள் விரிந்துவிட்டது. தனித்தமிழில் எழுதுகிறவர்கள் இதற்கு 'ஏந்து' என்று போடுவார்கள். சௌகரியம் என்பது எனக்கு ஒத்து வருவது, 'உங்க சௌகரியம் போல வாங்க' என்கிறோமே அது. சொகுசு தேவைக்கு மேலே. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் வசதி, ஜன்னலோரம் கிடைத்தால் சௌகரியம், சீட்டைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டால் சொகுசு.

இவற்றுக்குக் கீழே இன்னும் நல்ல சொற்கள் கிடக்கின்றன, எடுத்துப் புழங்குவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். அரிவாளின் பிடி கைக்கு 'வாகாக' இருக்க வேண்டும். வீடு ஆபீசுக்குத் 'தோதாக' இருக்க வேண்டும். வெந்நீர் 'இதமாக' இருக்க வேண்டும். முதலாவதுக்கும் கடைசிக்கும் இங்கிலீஷ்காரர் பெரும்பாலும் கம்ஃபர்டபிள் என்றே சொல்லிவிடுவார்.

அப்போ சௌகரியம், சௌக்கியம்? லெட்டர்ல ரெண்டையும் மாத்தி மாத்திப் போடறாங்களே?

போடுகிறார்கள், அது தப்பு. சௌக்கியம் சுகம் என்பதிலிருந்து வருவது, உடல்நலம். சௌகரியம் 'சுகரம்', அதாவது செய்ய எளிதானது, என்பதிலிருந்து வருவது. 'அத்தை சௌக்கியமா?' என்று கேட்கலாம், 'அத்தை சௌகரியமா?' என்று கேட்டால் அத்தையால் உங்களுக்கு ஏதாவது உபயோகம் உண்டா என்பது போலத் தொனிக்கும். ரயில் தாமதமானால் அறிவிக்கிற 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' சரியான பிரயோகம். அங்கே 'அசௌக்கியம்' என்று வந்தால் பயணிகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பொண்ணு வீட்டைப் பத்தி 'தே ஆர் கம்ஃபர்டபிள்'னு சொன்னாங்க. பணக்காரங்கன்னு எடுத்துக்கலாமா?

கோடீஸ்வரர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையைக் கடிக்காமல் குடும்பம் நடக்கிறது, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது என்பதுதான் அதன் அளவு. நம் 'வசதியானவங்க' அதைவிட ஒரு படி மேலே போகும். 'கையில கொஞ்சம் இருக்கிறவங்க', 'சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லாத குடும்பம்' என்றால் இன்னும் நெருக்கம்.

கோட்டை கதை என்ன? இந்தச் சொல் எங்கேருந்து வந்தது?

லத்தீனில் 'ஃபோர்ட்டிஸ்' என்றால் வலிமையான. அதில் 'கோம்' சேர்ந்து 'கோன்ஃபோர்ட்டாரே', நன்றாக வலுவேற்று என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. கோட்டைக்குரிய ஃபோர்ட்டும் அதே ஃபோர்ட்டிஸ் குடும்பம்தான். முதலில் இந்தச் சொல்லுக்கு மெத்தையும் இல்லை, தலையணையும் இல்லை, தளர்ந்தவனைத் தூக்கி நிறுத்துவதுதான் பொருள். மெத்தென்ற சுகம் என்பதெல்லாம் பின்னால் ஏறியது.

இதற்குக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சாட்சி பைபிள் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு விக்ளிஃப் இங்கிலீஷ் பைபிளில் பிலிப்பியர் 4:13இல் 'என்னை கம்ஃபர்ட் செய்கிறவரால் எல்லாம் முடியும்' என்ற மாதிரி வரும். தமிழ் பைபிளில் அதே இடத்தில் 'என்னைப் பெலப்படுத்துகிற' என்று இருக்கிறது. இன்றைய இங்கிலீஷ்காரர் விக்ளிஃபைப் படித்தால் ஏதோ தட்டிக்கொடுத்தது போல நினைப்பார், நம் ஆள் நேரே விஷயத்துக்குப் போய்விடுவார்.

அப்போ 'தேற்றரவாளன்'னு பைபிள்ல வர்றது இந்தச் சொல்லா?

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் பரிசுத்த ஆவியைக் 'கம்ஃபர்ட்டர்' என்று எழுதியிருக்கிற இடத்தில் தமிழில் தேற்றரவாளன். மூலக் கிரேக்கச் சொல் 'பராக்ளேத்தோஸ்', பக்கத்தில் வந்து நிற்க அழைக்கப்பட்டவர். வலுவேற்றுகிறவர் என்ற பழைய பொருளில் கம்ஃபர்ட்டர் பொருந்தியது. இன்றைக்கு அமெரிக்காவில் கடைக்குப் போய்க் கம்ஃபர்ட்டர் கேட்டால் பஞ்சு அடைத்த கனத்த போர்வையை எடுத்துப் போடுவார்கள், பிரிட்டனில் குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் காம்பு வரலாம். ஆகவே புதிய மொழிபெயர்ப்புகளில் துணையாளர், ஆலோசகர் என்ற பொருளுள்ள சொற்களுக்கு மாறிவிட்டார்கள். தேற்றரவாளன் மட்டும் வயதாகாமல் நிற்கிறது. ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஆறுதல், தேறுதல்... 'ஆறுதல் தேறுதல் சொன்னாங்க'ன்னு சேர்த்தே சொல்றோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் என்பது சூடு தணிவது. காப்பி ஆறுகிறது, சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாக்கால் சுட்ட வடு ஆறாது என்ற குறள் எல்லாருக்கும் தெரியும், அங்கே வருவதும் இந்த 'ஆறு'தான். வழிநடந்தவர் இளைப்பாறுகிறார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், இங்கே முஸ்லிம் வீடுகளிலும் 'பசியாறியாச்சா?' என்று கேட்பார்கள், பசியும் ஒரு சூடு, சாப்பிட்டால் ஆறும். ஆறுதல் சொல்வது என்றால் உள்ளே கொதிக்கிறதைக் கொஞ்சம் ஆற்றுவது, டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவே காப்பியை ஆற்றுகிற மாதிரி.

தேறுதல் வேறு. அது தெளிவது. கலங்கின தண்ணீரைத் தெளிய வைக்க முன்பு வீடுகளில் தேற்றாங்கொட்டை வைத்திருப்பார்கள். குடத்தின் உட்புறத்தில் அந்தக் கொட்டையை வட்டமாக உரசிவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால் சேறெல்லாம் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். எங்கள் பாட்டி வீட்டுப் பானையின் உள்வாய்ப்பக்கம் அந்த உரசல் தடம் வெள்ளை வளையமாக இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கலித்தொகையிலேயே ஒரு பெண்ணின் கலக்கம் தெளிந்ததைத் தேற்றாவின் கொட்டை போட்ட கலங்கல் நீரோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மனசைத் தேற்று என்றால் கலங்கியதைத் தெளிய வை. அழுதால் 'கண் கலங்கினாள்' என்கிறோம், கலங்கினதற்கு மருந்து தேற்றுவதுதானே.

இங்கிலீஷ் தளர்ந்தவனுக்கு முட்டுக் கொடுக்கிறது, தமிழ் கொதித்தவனை ஆற்றுகிறது, கலங்கினவனைத் தேற்றுகிறது. நோய் விட்டு எழுந்தவரை 'உடம்பு தேறிட்டார்' என்பதும், பரீட்சையில் 'தேறினான்' என்பதும், உருப்படாதவனை 'இவன் தேறமாட்டான்' என்பதும் இதே குடும்பம். ஏசாயா 40ஆம் அதிகாரம் தமிழில் 'என் ஜனத்தை ஆற்றுங்கள், தேற்றுங்கள்' என்றுதான் தொடங்குகிறது. இங்கிலீஷில் அதே கம்ஃபர்ட்டை இரண்டு தடவை போட்டிருப்பார்கள்.

ஆற்றல்னா வலிமை, ஆற்றுறதுன்னா தணிக்கிறது. அப்போ தமிழ்லயும் வலிமைதானே வேர்?

கெட்டிக்காரத்தனமான கேள்வி, ஆனால் வழுக்குகிற இடம். 'முடிதல், செய்தல்' என்ற பொருளுள்ள ஆற்று ஒன்று (பணி ஆற்றினார், ஆற்றல்), 'ஆறச் செய்தல்' என்ற ஆற்று இன்னொன்று. அகராதியில் இரண்டும் தனித்தனியாக நிற்கும். வள்ளுவர் 'ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்' என்று இரண்டையும் ஒரே அடியில் உரசவிட்டு விளையாடியிருக்கிறார், அதை ரசிக்கலாம். ஒரே வேர் என்று அடித்துப் பேசாதீர்கள்.

யாழ்ப்பாணத்து ஃப்ரெண்டு 'ஆறுதலா வாங்கோ'ன்னு மெசேஜ் போட்டாங்க. யாராவது இறந்துட்டாங்களா?

யாரும் இறக்கவில்லை, மெதுவாக வாருங்கள் என்கிறார். ஈழத்தமிழில் 'ஆறுதலா' என்றால் அவசரமில்லாமல், சாவகாசமாக. 'ஆறுதலாக் கதைப்பம்' என்றால் நிதானமாகப் பேசுவோம். நாமும் 'ஆற அமர யோசி' என்று சொல்கிறோமே, அதே ஆறு. அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என்று எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள், முப்பது வருஷம் வகுப்பில் கத்தினவருக்கு ஓய்வைவிட இளைப்பாறல்தான் சரி என்று எனக்குப் படும்.

'ஆறுதல் பரிசு', 'ஆறுதல் வெற்றி'ன்னா ஏன் கேலியா இருக்கு?

தோற்றவர் வயிறு எரிகிறது, அதை ஆற்றக் கொடுப்பது என்பதால். தொடரை 4-0 என்று இழந்துவிட்டு ஐந்தாவது ஆட்டத்தை ஜெயித்தால் பத்திரிகையில் ஆறுதல் வெற்றி என்று போடுவார்கள். இங்கிலீஷில் இந்த இடத்தில் கம்ஃபர்ட் வராது, 'கன்சொலேஷன்' வரும். 'கம்ஃபர்டபிள் வின்' என்றால் நேர் எதிர், வேர்க்காமல் ஜெயித்தது, எளிதான வெற்றி. விளையாட்டுச் செய்தி மொழிபெயர்க்கிற பையன் ஒருவன் ஒருமுறை கம்ஃபர்டபிள் வின்னை ஆறுதல் வெற்றி என்று எழுதிக் கொண்டுவந்தான், ஜெயித்த அணியைத் தோற்கடித்துவிட்டான்.

சாவு வீட்டுக்குப் போனா என்ன பேசறதுன்னே தெரியல. ஆறுதலா என்ன சொல்லணும்?

முதலில் அந்தச் சடங்குக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று பாருங்கள். துக்கம் விசாரிப்பது, கேதம் கேட்பது, துட்டி கேட்பது, எழவு கேட்பது. ஊருக்கு ஒரு பெயர், ஆனால் வினை எங்கேயும் 'கேட்பது', 'விசாரிப்பது'தான். சொல்லப் போகிறோம் என்று நினைப்பதால்தான் வாய் அடைக்கிறது. போய்க் கேளுங்கள்.

எங்கள் பெரியப்பா போன அன்றைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் 'விதி', 'நல்ல சாவு', 'மனசத் தேத்திக்கோங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், பெரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எதிர்வீட்டுப் பாட்டி வந்து பாயில் உட்கார்ந்து, பெரியம்மா கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, 'காலையில காப்பி குடிச்சாராடி?' என்று கேட்டார். அவ்வளவுதான். 'அரை டம்ளர் குடிச்சிட்டு மீதியை வச்சிட்டார் அத்தே, சூடு பத்தலைன்னார்' என்று ஆரம்பித்துப் பெரியம்மா ஒரு மணி நேரம் சொன்னார், நடுவில் அழுதார், நடுவில் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

சொல்லக் கூடாதவை இரண்டு: 'எனக்குத் தெரியும் உங்க கஷ்டம்', 'எல்லாம் நல்லதுக்குத்தான்'. கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து வருவது வழக்கம் என்பது தெரிந்திருக்கும். வெளிநாட்டில் இருந்து வாட்ஸாப்பில் எழுதுவதானால், ரோஜாப்பூப் படம் அனுப்பாமல், இறந்தவரைப் பற்றி உங்களுக்கு ஞாபகமிருக்கிற ஒரு சின்ன விஷயத்தை எழுதுங்கள்.

குழந்தை அழுதா 'சமாதானப்படுத்து'ன்னு சொல்றோம், 'ஆறுதல் சொல்லு'ன்னு சொல்றதில்லையே?

ஆறுதல் சொல்ல எதிரில் இருப்பவருக்கு இழப்பு இருக்க வேண்டும். ஐஸ்கிரீம் கிடைக்காத அழுகை தகராறு, தகராறுக்குச் சமாதானம். அதே குழந்தையின் நாய்க்குட்டி செத்துப்போனால் நீங்களே அறியாமல் ஆறுதல் என்ற சொல்லுக்கு மாறிவிடுவீர்கள். இங்கிலீஷில் இரண்டுக்கும் கம்ஃபர்ட் போதும்.

'கம்ஃபர்ட் ஸோன்' - சௌகரிய வட்டம், ஆறுதல் மண்டலம்... எது சரி?

இரண்டும் கேட்கச் சகிக்கவில்லை. நம்மிடம் இதற்குக் 'குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறது' இருக்கிறது, பழகின இடத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு ஊரைச் சுற்றினதாக நினைப்பது. பயிற்சி வகுப்பு மொழியில் அவ்வளவு கேலி வேண்டாம் என்றால் 'பழகின தடம்' என்று எழுதலாம். பேச்சில் கம்ஃபர்ட் ஸோன் என்றே சொல்லிவிட்டுப் போங்கள், எல்லாருக்கும் புரியும். இன்னொரு விஷயம், அதைவிட்டு வெளியே வா வெளியே வா என்று விரட்டுகிறவர்களில் பலர் ஏசி அறையில் உட்கார்ந்துதான் விரட்டுகிறார்கள்.

ஆபீஸ்ல 'ஐ ஆம் நாட் கம்ஃபர்டபிள் வித் திஸ்'னு மெயில் வந்தது. என்ன அர்த்தம், நாற்காலி சரியில்லையா?

நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது. மரியாதையாக 'முடியாது' என்கிறார்கள், அல்லது 'இது சரியில்லை, என்னை இதில் இழுக்காதே' என்கிறார்கள். தமிழில் இடத்தைப் பொறுத்து மாறும். கணக்கில் ஏதோ இடிக்கிறது என்றால் 'எனக்கு உறுத்தலா இருக்கு'. ஒத்துவராத திட்டம் என்றால் 'இது சரிப்பட்டு வராது'. ஒருவர் நடந்துகொள்கிற விதம் என்றால் 'சங்கடமா இருக்கு'. இந்தக் கடைசி வகையில் வந்தால் தயவுசெய்து இலக்கணம் பார்க்காமல் உடனே நிறுத்துங்கள். ஒரு பெண் இந்த வாக்கியத்தைச் சொல்லுமுன் பத்து நாள் யோசித்திருப்பார்.

'கம்ஃபர்ட் ஃபுட்'னா நம்ம பிரியாணியா?

பிடித்த சாப்பாடு எல்லாம் அதில் வராது. பிரியாணி கொண்டாட்டம். காய்ச்சல் விட்ட நாள் நாக்கு மரத்துக் கிடக்கும்போது குழைந்த சோற்றில் மிளகு ரசத்தை விட்டுக் கையால் பிசைந்து, சுட்ட அப்பளத்தை உடைத்துப் போட்டுச் சாப்பிடுவீர்களே, அது. சிலருக்குப் பழைய சோறும் சின்ன வெங்காயமும், யாழ்ப்பாணத்துக்காரருக்குப் புட்டு. தமிழில் பெயர் வைக்கத் தேவையில்லை என்பது என் கட்சி, 'வாய்க்கு இதமா ஏதாவது' என்று கேட்டால் எந்த வீட்டிலும் இதுதான் வரும்.

'கோல்டு கம்ஃபர்ட்', 'டூ க்ளோஸ் ஃபார் கம்ஃபர்ட்' - இதெல்லாம் எப்படி எழுதறது?

கோல்டு கம்ஃபர்ட் என்றால் ஆறுதல் போல வந்து ஆற்றாமல் போவது. 'ஒப்புக்குச் சொன்ன ஆறுதல்' சரியாக இருக்கும். 'குளிர்ந்த ஆறுதல்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும், மேலே சொன்னபடி நமக்கு ஆறுவதே குளிர்வதுதான், நம் ஊர் வெயிலில் வேறு எப்படி இருக்கும். இரண்டாவதற்கு 'மயிரிழையில் தப்பினோம்', 'நூலிழை'.

ஆஸ்பத்திரியில 'பேஷன்ட் கம்ஃபர்டபிளா இருக்காங்க'ன்னு சொல்றாங்க. குணமாயிட்டு வர்றாங்கன்னு அர்த்தமா?

இல்லை, இதைத் தயவுசெய்து எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வலி, மூச்சுத்திணறல், படபடப்பு இவை இப்போது அடக்கத்தில் இருக்கின்றன என்பது மட்டும்தான் அதன் பொருள். நோய் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்காது. எங்கள் சித்தி படுத்திருந்தபோது வெளியே வந்த டாக்டர் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். சித்தப்பா உடனே ஊருக்குப் போன் போட்டு 'நல்லா இருக்காளாம், கம்ஃபர்ட்டா இருக்காளாம்' என்று எல்லாருக்கும் சொன்னார், ஒருவர் சாமிக்கு வேண்டுதல்கூட நிறைவேற்றிவிட்டார். மூன்றாம் நாள் சித்தி போய்விட்டார். டாக்டர் பொய் சொல்லவில்லை, சித்தப்பாவும் தப்பாகக் கேட்கவில்லை, சொல்தான் நடுவில் இரண்டு பக்கமும் முகம் காட்டியது.

'கம்ஃபர்ட் கேர்' என்றால் இன்னும் கவனம். நோயை மாற்ற முடியாத கட்டத்தில் வேதனையைக் குறைப்பதையே குறியாக வைத்துப் பார்க்கிற சிகிச்சை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பதில் இதுவும் உண்டு, நோய் ஆதரவு சிகிச்சை என்பார்கள். 'ஆதரவு' நல்ல தேர்வு, வலுவேற்றுதல் என்ற பழைய வேர்ப்பொருள் அதில் கொஞ்சம் இருக்கிறது. டாக்டர் கம்ஃபர்டபிள் என்று சொன்னால் உடனே திருப்பிக் கேளுங்கள்: 'வலி இல்லைன்னு சொல்றீங்களா, குணமாகுதுன்னு சொல்றீங்களா?'

ஏசி விளம்பரத்துல 'தெர்மல் கம்ஃபர்ட்'னு வருது. அதுக்கெல்லாம் அளவு உண்டா?

உண்டு. காற்றின் வெப்பம், சுவர் கூரையிலிருந்து வரும் அனல், ஈரப்பதம், காற்றோட்டம், உடுத்தியிருக்கிற துணி, உடம்பு செய்கிற வேலை என்று ஆறு விஷயத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். டென்மார்க்கின் ஃபாங்கர் என்ற ஆய்வாளர் 1970இல் இதற்கு ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தார், ரொம்பக் குளிர் -3, ரொம்பச் சூடு +3, நடுவில் 0. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் போட்டவுடன் 24 டிகிரியில் ஓடும்படி வர வேண்டும் என்று விதி. தமிழில் 'வெப்ப இதம்' என்று எழுதுகிறேன். ஆறில் ஈரப்பதம் இருப்பதைக் கவனியுங்கள், சென்னையில் 32 டிகிரி ஏன் கோவை 32 மாதிரி இல்லை என்பதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

பேங்க்ல 'லெட்டர் ஆஃப் கம்ஃபர்ட்' கேட்டாங்க. யாருக்கு யார் ஆறுதல் சொல்றது?

கடன் கொடுக்கிறவருக்கு, கடன் வாங்குகிற கம்பெனியின் தாய்க் கம்பெனி. 'பயப்படாதீங்க, எங்க பிள்ளை கடனைக் கட்டுற நிலையில இருக்கும்படி பாத்துக்கிறோம்' என்கிற தோரணையில் ஒரு கடிதம். இது உத்தரவாதம் இல்லை, பெரும்பாலும் அதற்காகத்தான் இந்தப் பெயரே. 1989இல் லண்டனில் க்ளைன்வொர்ட் பென்சன் வங்கிக்கும் மலேசியா மைனிங் கார்ப்பரேஷனுக்கும் நடந்த வழக்கில், அப்படி எழுதியது கம்பெனியின் அப்போதைய கொள்கையைச் சொன்னதே தவிர வாக்குறுதி ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வங்கிக்குப் பணம் வரவில்லை. மேலே பார்த்த ஒப்புக்குச் சொன்ன ஆறுதலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதே பெயரில் இன்னொன்று இருந்தது, இறக்குமதிக் கடனுக்காக வங்கிகள் கொடுத்தது, அதை ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் நிறுத்திவிட்டது. மொழிபெயர்க்கும்போது 'ஆறுதல் கடிதம்' என்று எழுதினால் துக்க விசாரிப்பு என்று நினைப்பார்கள். 'நம்பிக்கைக் கடிதம்' என்பது என் வழக்கம்.

பிலிப்பைன்ஸ் போயிருந்தேன், 'கம்ஃபர்ட் ரூம்'னு போர்டு போட்டிருந்தது, படுக்கலாம்னு உள்ளே போயிட்டேன்...

அங்கே அது கழிப்பறை, சுருக்கமாக 'சி.ஆர்.' என்பார்கள். சிரிக்காதீர்கள், நாமும் 'பாத்ரூம் போகணும்' என்று சொல்லிவிட்டுக் குளிப்பதில்லையே.

இரண்டாம் உலகப் போர் கட்டுரை ஒண்ணு மொழிபெயர்க்கிறேன். 'கம்ஃபர்ட் விமன்'ங்கிறதை 'ஆறுதல் பெண்கள்'னு எழுதலாமா?

எழுதாதீர்கள். ஜப்பானிய ராணுவம் கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலிருந்து பெண்களைக் கட்டாயப்படுத்தியும் ஏமாற்றியும் கொண்டுபோய்ச் சிப்பாய்களுக்கான விடுதிகளில் அடைத்து வைத்தது. அதற்கு ஜப்பானிய மொழியில் வைத்த 'இயான்ஃபு' என்ற மழுப்பல் பெயரை அப்படியே இங்கிலீஷில் கம்ஃபர்ட் விமன் ஆக்கினார்கள். 1991 ஆகஸ்டில் தென்கொரியாவின் கிம் ஹாக்சுன் தன் பெயரைச் சொல்லி வெளிப்படையாக வாக்குமூலம் கொடுத்தார். 1993இல் ஜப்பான் அரசின் கோனோ அறிக்கை ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டது.

இதில் நமக்குப் பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த இலங்கைத் தமிழர் ராதிகா குமாரசுவாமி, 1996இல் கொடுத்த அறிக்கையில் 'கம்ஃபர்ட் விமன்' என்ற பெயர் அந்தப் பெண்கள் பட்ட கொடுமையைக் காட்டுவதில்லை, 'ராணுவப் பாலியல் அடிமைகள்' என்பதே சரி என்ற நிலையை எடுத்தார். தமிழில் ஆறுதல் என்று எழுதினால் இன்னும் மோசம், ஏனென்றால் நம் சொல்லில் ஆற்றப்படுகிறவர் நொந்தவராக இருக்க வேண்டும், இங்கே நொந்தவர்கள் அந்தப் பெண்கள். நீங்கள் 'ராணுவப் பாலியல் அடிமைகளாக அடைக்கப்பட்ட பெண்கள்' என்று போட்டுவிட்டு, ஜப்பான் வைத்த பெயர் இது என்று ஒரே ஒரு இடத்தில் மட்டும் மேற்கோள் குறிக்குள் சொல்லுங்கள்.